எக்ஸ்பார்ட்டியா (ஒருதலைப்பட்சமா) தீர்ப்பு வந்துட்டு, அதை நீக்கச் சொல்லிக் கேட்க ஏலுமா?

தம்பி, நீங்க எழுதினதைச் சுருக்கினா விசயம் இதுதான். 2019ல ஊர்ல வட்டிக்குக் குடுக்கிற ஒருத்தரிட்ட புறோமிசரி நோட்டுல கையெழுத்து வச்சு 4 லட்சம் எடுத்தீங்க, மாசம் நூத்துக்கு மூண்டு வட்டி. அதுல ரெண்டரை லட்சம் மட்டுக்கும் திருப்பிக் குடுத்துட்டு 2022 தொடக்கத்துல கட்டார் போயிட்டீங்க. இப்ப லீவுல வந்து பார்த்தா, 4ம் திகதி கோர்ட்டு ஆள் வந்து ஆரையம்பதி வீட்டுல அம்மாட கையில ஒரு கடதாசி குடுத்திருக்காரு, அதுல மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றம் உங்களுக்கு எதிரா 9,60,000 ரூபாய்க்குத் தீர்ப்பாணை எழுதிக் கிடக்கு. வழக்கு நடந்ததே தெரியாது எண்டுறீங்க. லண்டன் மச்சான் வேற, "ஸ்மோல் கிளைம்ஸ் கோர்ட்டுல ஒரு ஃபோம் நிரப்பிக் குடு, வெல்லக்கூடிய கேஸ் எண்டு காட்டினாக் காணும், தீர்ப்பைத் தள்ளிடுவாங்க" எண்டு சொல்லியிருக்காரு, அது இங்க சரிவருமா எண்டு கேட்கிறீங்க. அப்ப நீங்க கேட்கிறது இவ்வளவு காசு குடுக்க வேணுமா எண்டது இல்ல, நான் இல்லாத நேரம் குடுத்த தீர்ப்பை நீக்கி என்ட பக்கத்தையும் கேட்க வைக்க ஏலுமா எண்டதுதான். இது ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பித்தான் கனபேர் தோக்கிறாங்க. நான் மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கம் கனகாலமா சிவில் வழக்குப் பேசுற சட்டத்தரணி, அந்தப் பழக்கத்துல சொல்றன். உங்கட வழக்கேட்டை நான் பார்க்கல்ல, அதையும் மனசுல வச்சுக்கொண்டு வாசிங்க.

ஏலும். ஆனா நாள் ஓடுது. நீங்க எழுதினது 12ம் திகதி, கடதாசி வந்தது 4ம் திகதி. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையிட 86(2)ம் பிரிவு, தீர்ப்பாணை சேர்ப்பிச்ச நாள்ல இருந்து 14 நாளுக்குள்ள மனுப் போடணும் எண்டு சொல்லுது. அந்த 14 நாளைக் கூட்டிக் குடுக்கச் சொல்லிக் கேட்கிறதுக்கு அந்தப் பிரிவுல இடம் இல்ல, 15ம் நாள் அழுதுகொண்டு போய் நிண்டாலும் நீதிபதி அனுதாபப்படலாம், ஒழிய அந்தப் பிரிவுக்குக் கீழ ஒண்டும் செய்ய மாட்டாரு. அப்பீல் நோட்டீசுக்கும் 14 நாள்தான், ஆனா அங்க ஞாயிறும் பொது விடுமுறையும் கழிச்சு எண்ணலாம் எண்டு சட்டமே சொல்லுது. 86(2)ல அந்த வசனம் கிடையாது, சனி ஞாயிறு போயா எல்லாம் சேர்த்துத்தான் எண்ணணும். 4ம் திகதியைத் தள்ளி எண்ணினா 18, அதையும் சேர்த்து எண்ணினா 17. தள்ளி எண்ணுறதுதான் சரி எண்டு வாதாடலாம், ஆனா வாதாட வேண்டிய நிலைக்கு ஏன் போவான், 17ம் திகதி பின்னேரத்துக்கு முதல் மனு பதிவாளர் கந்தோர்ல சீல் விழுந்து கிடக்கணும். கடைசி நாள் கோர்ட்டு பூட்டிக் கிடந்தா அடுத்து திறக்கிற நாள் போடலாம் எண்டு பொருள்கோடல் கட்டளைச் சட்டத்துல இருக்கு, அதை நம்பிக்கொண்டு இருக்காதீங்க.

அம்மாட கையில குடுத்தது உங்களுக்குக் குடுத்ததா ஆகுமா எண்டு ஒரு கேள்வி இருக்கு, அது நியாயமான கேள்விதான். தீர்ப்பாணையையும் அழைப்பாணை சேர்ப்பிக்கிற மாதிரித்தான் சேர்ப்பிக்கணும் எண்டு 85ம் பிரிவு சொல்லுது. அழைப்பாணை முதல்ல பதிவுத் தபால்ல போகும், அது சரிவரல்ல எண்டா பிஸ்கால் (கோர்ட்டுக் கட்டளையை நிறைவேத்துற உத்தியோகத்தர்) ஆள் இல்லாட்டி கிராம சேவகர் மூலம் எதிராளிட கையிலயே குடுக்கணும், அதுவும் ஏலாட்டி கோர்ட்டு உத்தரவு எடுத்துக்கொண்டு வீட்டுல ஒட்டலாம். அப்ப ஒட்டுறதுக்கு உத்தரவு இல்லாம அம்மாட்டக் குடுத்துட்டுப் போனது முறையான சேர்ப்பித்தல் இல்ல, உங்கட 14 நாள் இன்னும் தொடங்கவே இல்ல எண்டு ஒரு சட்டத்தரணி வாதாடலாம். நானும் வாதாடுவன், வேற வழி இல்லாட்டி. நாள் கையில இருக்கைக்குள்ள அந்த வாதத்தை நம்பி மனுவைப் பிந்திப் போடச் சொல்ல மாட்டன். 4ம் திகதியையே சரியான நாளா எடுத்துக்கொண்டு ஓடுங்க, அந்த வாதம் ஒரு பக்கத்துல கிடக்கட்டும்.

மச்சான் சொன்னது அங்க கிட்டத்தட்ட சரி. இங்கிலாந்துல சிறு கோரிக்கை வழக்குல விசாரணைக்குப் போகாம விட்டுத் தீர்ப்பு வந்தா, அவங்கட விதி 27.11ன் கீழ தீர்ப்பு கிடைச்சு 14 நாளுக்குள்ள கேட்கணும். வராததுக்கு நல்ல காரணம் இருந்தது எண்டும், மறுபடி விசாரிச்சா வெல்ல நியாயமான வாய்ப்பு இருக்கு எண்டும், ரெண்டையும் காட்டணும். என்244 எண்டு ஒரு ஃபோம் இருக்கு, அதுலதான் கேட்கிற. விசாரணைக்குப் போகாதது மட்டும் இல்ல, மறுமொழியே போடாம விட்ட வழக்கு எண்டா அங்கயும் விதி வேற. இங்க 86(2)ல வெல்ற வாய்ப்பைப் பற்றிப் பேச்சே இல்ல. நியாயமான காரணத்தால வராம விட்டார் எண்டு கோர்ட்டுக்குத் திருப்தி வந்தா தீர்ப்பை நீக்கியே ஆகணும், "நீக்கலாம்" எண்டு இல்ல. அதால ரெண்டரை லட்சம் குடுத்த கதை, வட்டி அநியாயம் எண்ட கதை, அந்த மனிசன் ஊர்ல எல்லாரையும் இப்படித்தான் செய்றாரு எண்ட கதை, இதெல்லாம் இந்த விசாரணையில ஒரு சதத்துக்கும் உதவாது. கனபேர் மனுவுல மூண்டு பக்கம் அதை எழுதிட்டு, ஏன் கோர்ட்டுக்கு வரல்ல எண்டதை ஒரு வரியில முடிச்சிருப்பாங்க, தலைகீழா இருக்கணும். இங்கயும் சிறு கோரிக்கை நீதிமன்றம் எண்டு 2022ல ஒரு சட்டம் நிறைவேறினதுதான், ஆனா உங்கட கடதாசிட தலைப்புல மாவட்ட நீதிமன்றம் எண்டுதானே கிடக்கு, அப்ப பழைய கோவைதான் உங்களுக்கு.

இந்த இடத்துல ஒண்டு கவனிக்கணும், நீங்க நோட்டுல கையெழுத்து வச்சவர். புறோமிசரி நோட்டு, செக் மாதிரி எழுத்துல உள்ள கடனுக்கு ரெண்டு விதமா வழக்குப் போடலாம். சாதாரண வழக்கா போட்டிருந்தா நீங்க மறுமொழி போடல்ல எண்டு 84ம் பிரிவுல ஒருதலைப்பட்ச விசாரணைக்கு நியமிச்சு, 85ல வழக்காளி சாட்சியமோ சத்தியக்கடதாசியோ குடுத்துத் தீர்ப்பு எடுத்திருப்பாரு, அதுக்குத்தான் 86(2). ஆனா கோவையிட 53ம் அத்தியாயத்துல சுருக்க நடவடிக்கை எண்டு ஒண்டு இருக்கு, அதுல எதிராளி முதல்ல வந்து எதிர்வழக்காட அனுமதி கேட்கணும், கேட்காட்டி தீர்ப்பாணை தன்பாட்டுல விழும். அந்த வழியில வந்த தீர்ப்பாணை எண்டா நீங்க போக வேண்டியது 707ம் பிரிவுக்கு, அங்க கேட்கிறது "விசேட சூழ்நிலை" இருக்கா எண்டு. பாங்க், லீசிங் கொம்பனிகள்ட வழக்கு எண்டா 1990ம் ஆண்டு 2ம் இலக்கக் கடன் அறவிடல் சட்டம், அது வேற ஒரு வழி, அங்க முதல்ல வாறது இடைக்காலத் தீர்ப்பாணை. உங்களுக்கு அது பொருந்தாது, வாசிக்கிற மத்தவங்களுக்காகச் சொல்றன். பிழையான பிரிவைப் போட்டு மனுக் குடுத்தா எதிர்ப்பக்கம் முதல் நாளே அதைத்தான் தூக்கிப் பிடிக்கும். வழக்கேட்டைப் பார்த்தா ரெண்டு நிமிசத்துல தெரிஞ்சிடும் எந்த வழி எண்டு.

அதால நாளைக்குக் காலமையே ஒரு சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு போய் வழக்கேட்டைப் பாருங்க. சான்றுப்படுத்தின பிரதி எடுக்க நாள் செல்லும், அதுக்கும் விண்ணப்பம் போடுங்க, ஆனா அது வரும் எண்டு காத்திருக்காதீங்க, பார்த்துக் குறிச்சுக்கொண்டு வந்தாக் காணும். ஜேர்னல் என்ட்ரியில ஒவ்வொரு தவணைக்கும் என்ன நடந்தது எண்டு ரெண்டு வரி எழுதியிருப்பாங்க. "எதிராளிக்கு அழைப்பாணை சேர்ப்பிக்கப்பட்டது, எதிராளி சமூகமில்லை" எண்டு ஒரு இடத்துல கிடக்கும், அந்த இடத்துல இருந்து பின்னால போய் சேர்ப்பிச்சவர்ட அறிக்கையைத் தேடுங்க. அதுல மூண்டு விசயம் பாருங்க: எந்தத் திகதி, எந்த விலாசம், யார்ட கையில. பிறகு உங்கட பாஸ்போட்டைத் திறந்து வச்சுக்கொண்டு அந்தத் திகதியைப் பொருத்துங்க. 2023ல ஒரு தரம் லீவுல வந்து போனதா எழுதியிருந்தீங்க. அழைப்பாணை குடுத்ததாச் சொல்ற நாள் அந்த லீவுக்குள்ள விழுந்துட்டு எண்டா "நான் நாட்டுலயே இல்ல" எண்ட உங்கட முழுக் கதையும் அந்த இடத்துலயே விழுந்துடும், வேற காரணம் தேடணும். விழல்ல எண்டா, அறிக்கையில "எதிராளியிடம் நேரில் கையளிக்கப்பட்டது" எண்டு எழுதியிருந்தா, உங்களுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது, ஏனெண்டா கட்டுநாயக்காவுல அடிச்ச சீல் பொய் சொல்லாது. பாஸ்போட்டு புதுப்பிச்சுப் பழையது கையில இல்லாட்டி, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துட்ட உங்கட போக்குவரத்து விபரத்தைக் கடிதமா எடுக்கலாம், அதுக்கு நாள் எடுக்கும், இப்பவே விண்ணப்பிச்சு வச்சா விசாரணைக்குக் கையில இருக்கும். மனுவோட கட்டாயம் இருக்கணும் எண்டில்ல.

அறிக்கையில "வீட்டுல ஒட்டப்பட்டது" எண்டு கிடந்தா வேற கேள்வி கேட்கணும். அப்படி ஒட்டச் சொல்லி கோர்ட்டு உத்தரவு ஜேர்னல்ல இருக்கா, அந்த உத்தரவு எடுக்கைக்குள்ள நீங்க வெளிநாட்டுல இருக்கிறது வழக்காளிக்குத் தெரியுமா? ஊர்ல வட்டிக்குக் குடுக்கிற ஆளுக்கு தன்ட்டக் கடன் எடுத்தவன் கட்டார்ல இருக்கிறது தெரியாம இருக்குமா எண்டு நீதிபதிக்கும் விளங்கும், ஆனா விளங்கிறது வேற, நிரூபிக்கிறது வேற. நீங்க கட்டார்ல இருந்து அந்த ஆளோட வாட்ஸ்அப்புல பேசியிருந்தா, காசு அனுப்பின பாங்க் ஸ்லிப் இருந்தா, அதை எடுத்து வையுங்க, வெளிநாட்டுல இருக்கிற ஆளுக்கு கோர்ட்டு அனுமதியோட அங்கேயே அழைப்பாணை அனுப்ப கோவையில வழி இருக்கைக்குள்ள ஏன் பூட்டின படலையில ஒட்டினீங்க எண்டு கேட்க அது உதவும். மத்தியஸ்த சபைக்குப் போன வழக்கு எண்டா அங்க எந்த விலாசத்துக்கு அறிவித்தல் போனது எண்டும் பாருங்க.

இனி விசாரணை. 86(2) விசாரணையில எதிராளிதான் தொடங்கணும், சுமை உங்கட தலையில. சேர்ப்பிச்சவர்ட சத்தியக்கடதாசி வழக்கேட்டுல கிடந்தா அது முதல் பார்வைக்குச் சரி எண்டு கோர்ட்டு எடுத்துக்கொள்ளும், நீங்க கூண்டுல ஏறி எனக்குக் கிடைக்கல்ல எண்டு சத்தியம் பண்ணிச் சொன்னாப் பிறகு, அந்த ஆளைக் கூப்பிட்டு நிரூபிக்க வேண்டிய நிலைமை வழக்காளிக்கு வரும். இப்படி ஒரு வழக்கு நான் பேசினது, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆள், படுவான்கரையில வீடு, பெரும்போகத்துக்கு வயல் வாடியில கிடந்தவரு. சேர்ப்பிச்சவர் வந்து "நேர்ல குடுத்தன்" எண்டு ஒரே பிடியா நிண்டாரு. வீட்டுப் படலை எந்தப் பக்கம், கிணறு முன்னுக்கா பின்னுக்கா எண்டு கேட்டன், எல்லாம் சரியாச் சொன்னாரு, வீட்டுக்குப் போனது உண்மைதான். பிறகு ஆளை எப்படி அடையாளம் கண்டீங்க எண்டு கேட்டதுக்கு, "பேரைச் சொல்லிக் கூப்பிட்டன், ஒருத்தர் வந்து ஓம் எண்டாரு, குடுத்தன்" எண்டாரு. அடையாள அட்டை பார்த்தீங்களா எண்டு கேட்டன், இல்ல. கையெழுத்து வாங்கினீங்களா, வாங்கின. அந்தக் கையெழுத்தை கட்சிக்காரர்ட அடையாள அட்டைக் கையெழுத்துக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தா நாய்க்கும் பூனைக்கும் உள்ள ஒற்றுமைதான், வாங்கினது மருமகன் பொடியன். தீர்ப்பு நீங்கினது. அந்த ஆள் பொய் சொன்னார் எண்டு நான் ஒருக்காலும் சொல்லல்ல, அவருக்கு ஒரு நாளைக்கு எத்தின வீடு, பிழையான ஆள்ட்டக் குடுத்துட்டாரு, அவ்வளவுதான். கோர்ட்டு உத்தியோகத்தரைக் கள்ளன் எண்டு மனுவுல எழுதிட்டா அதையும் நீங்கதான் நிரூபிக்கணும், தேவையில்லாத சுமை.

அம்மாட்ட இப்பவே இருந்து ஆறுதலாக் கேளுங்க, போன வருசங்கள்ல தபால்காரன் ஏதாவது பதிவுத் தபால் குடுத்து கையெழுத்து வாங்கினானா எண்டு. ஏசாமக் கேளுங்க, வயசு போன மனிசருக்குப் பயம் வந்தா "இல்ல மனே" எண்டுதான் சொல்லுவாங்க, பிறகு கோர்ட்டுல தபால் திணைக்களத்துட ஒப்படைப்பு அட்டையில அவட கையெழுத்து வெளிய வரும். பதிவுத் தபால் சேர்ந்ததுக்கு அந்த அட்டையைச் சான்றா எடுக்க சட்டம் இடம் குடுக்குது. அம்மா வாங்கி அலுமாரிக்குள்ள வச்சிருந்தா அதையே சொல்லுங்க: வந்தது, அம்மா வாங்கினா, அவவுக்கு என்னெண்டு விளங்கல்ல, எனக்குச் சொல்லல்ல, நான் அந்த நேரம் கட்டார்ல, இந்தா பாஸ்போட்டு. அதுவும் நியாயமான காரணமாக ஏலும். "வீட்டுக்கு ஒண்டுமே வரல்ல" எண்டு எழுதிட்டு குறுக்கு விசாரணையில "ஓம், ஒரு என்வெலப் வந்தது, பாங்க் கடிதம் எண்டு நினைச்சம்" எண்டு சொன்ன ஆளை நான் எதிர்ப்பக்கத்துல நிண்டு பார்த்திருக்கன். அதுக்குப் பிறகு நீதிபதி அவர் சொன்ன ஒண்டையும் நம்பல்ல, உண்மையா இருந்ததையும் சேர்த்துத்தான். கிடைக்கல்ல எண்டு ஒரு பந்தியிலயும், கிடைச்சது ஆனா காய்ச்சல்ல கிடந்தன் எண்டு அடுத்த பந்தியிலயும் எழுதிறதும் அதே வருத்தம்தான்.

இதை வாசிக்கிற வேற ஆக்களுக்கு அழைப்பாணை கிடைச்சும் போகாம விட்ட நிலைமை இருக்கும். வருத்தம் எண்டா ஆஸ்பத்திரியில வார்ட்டுல நிண்ட துண்டு, கிளினிக் கொப்பி இதெல்லாம் பெறுமதி, பிறகு தனியார் டொக்டரிட்ட எடுத்த மெடிக்கல் எண்டா அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க எண்டு நினைச்சுக்கொண்டு எடுங்க. வெள்ளம் எண்டா, 2024 நவம்பர்ல மட்டக்களப்பு அம்பாறை முழுக்கத் தண்ணிக்குள்ள கிடந்தது எல்லாருக்கும் தெரியும், ஆனா உங்கட ஊர்ல இருந்து அண்டைக்குப் பாதை இருந்ததா எண்டு கிராம சேவகர்ட கடிதம் இருந்தா நல்லது. சட்டத்தரணி திகதியைப் பிழையாச் சொன்னாரு எண்ட காரணம்தான் கஷ்டம், அதுல தீர்ப்புகள் ரெண்டு பக்கமும் கிடக்கு, சட்டத்தரணியே பிழையை ஒத்துக்கொண்டு சத்தியக்கடதாசி தந்தா ஒரு மாதிரி, இல்லாட்டி கட்சிக்காரர்ட கவனயீனம் எண்டுதான் அனேகமாப் பார்ப்பாங்க. இன்னொண்டு, ஒருதலைப்பட்ச விசாரணைக்கு நியமிச்சிட்டாங்க, தீர்ப்பு இன்னும் வரல்ல எண்ட கட்டத்துல உங்களுக்குத் தெரிய வந்தா 86(2) இல்ல, 86(2அ). அதுல வழக்காளி சம்மதிச்சாத்தான் கோர்ட்டு உங்களை உள்ள எடுக்கும், அப்ப அவர்ட சட்டத்தரணியோட மரியாதையாப் பேசி செலவு குடுத்து முடிக்கிறதுதான் புத்தி.

மனுவும் சத்தியக்கடதாசியும் சேர்ந்துதான் போகணும், வழக்காளிக்கு அறிவித்தலும் போகணும், பதிவுத் தபால் துண்டை மனுவோட இணைச்சுடுங்க. சத்தியக்கடதாசியை ஜேபியிட்டயோ (சமாதான நீதவான்) சத்தியப்பிரமாண ஆணையாளரிட்டயோ நேர்ல போய் அவர் முன்னால வச்சுக் கையெழுத்துப் போடுங்க. வீட்டுல கையெழுத்து வச்சு பொடியன்ட கையில ஜேபிக்கு அனுப்புறது எங்கட பக்கத்துல சாதாரணமாப் போயிட்டு, "நீங்க எங்க வச்சு கையெழுத்துப் போட்டீங்க?" எண்ட ஒரு கேள்வியில அது உடையும். சைவ ஆக்கள், முஸ்லிம் ஆக்கள் உறுதியுரை செய்றது, கிறிஸ்தவ ஆக்கள் சத்தியம் செய்றது, ஃபோமுல பழைய ஆள்ட வசனம் அப்படியே கிடந்தா எதிர்ப்பக்கம் தூக்கும். நீங்க லீவு முடிஞ்சு போறதுக்கு முதல் இதைச் செய்யணும், ஏனெண்டா தங்கச்சிக்கு அட்டோர்னி தத்துவம் (உங்களுக்காகச் செயற்படுற அதிகாரப் பத்திரம்) குடுத்துட்டுப் போனா அவ உங்களுக்காக சில வேலை செய்யலாம், ஆனா "எனக்கு அழைப்பாணை கிடைக்கல்ல" எண்டதை உங்களைத் தவிர ஒருத்தரும் சத்தியம் பண்ணிச் சொல்ல ஏலாது. விசாரணைக்கும் நீங்க வரவேண்டி வரும், கொம்பனியோட இப்பவே பேசி வையுங்க.

மனுப் போட்டா அறவீடு தன்பாட்டுல நிக்கும் எண்டு நினைக்காதீங்க. வழக்காளி றிட் (தீர்ப்பை நிறைவேத்திக் காசு அறவிடச் சொல்ற கோர்ட்டுக் கட்டளை) எடுத்து பிஸ்காலை வீட்டுக்குக் கொண்டு வரலாம், அதால இந்த மனு முடியும் வரைக்கும் றிட்டை நிறுத்தி வைக்கச் சொல்லி அதே மனுவுல கேளுங்க, அனேகமா நிறுத்துவாங்க. காசு குடுக்க வசதி இல்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுட நிலையம் மட்டக்களப்புல இருக்கு, வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பாங்க. கட்டார்ல சம்பளம் எடுக்கிற ஆளை எடுப்பாங்களா எண்டா கஷ்டம்தான்.

14 நாள் ஏற்கனவே போயிட்டு எண்டு இதை வாசிக்கிறவங்களுக்கு, காரணம் அழைப்பாணை கிடைக்காதது எண்டா இன்னும் ஒரு வாசல் இருக்கு. அழைப்பாணையே சேர்ப்பிக்காத வழக்குல கோர்ட்டுக்கு எதிராளி மேல நியாயாதிக்கமே இல்ல, அந்தத் தீர்ப்பு அடியில இருந்தே செல்லாது, குடுத்த கோர்ட்டே தன்ட உள்ளார்ந்த தத்துவத்தால நீக்கலாம் எண்டு 1981ல உயர் நீதிமன்றம் ஒரு விவாகரத்து வழக்குல சொல்லியிருக்கு. அதை வச்சு 839ம் பிரிவுல போறவங்க இருக்காங்க. ஆனா 86(2) எண்ட வழி இருக்கைக்குள்ள அதை விட்டுட்டு ஏன் இதுல வந்தீங்க எண்டு கேட்டு தள்ளின இடமும் உண்டு, அதால இதை உறுதியான வழி எண்டு சொல்ல மாட்டன். உங்கட மனுவைத் தள்ளிட்டாங்க எண்டா, ஒருதலைப்பட்சத் தீர்ப்புக்கு நேரடியா அப்பீல் இல்ல, மனுவைத் தள்ளின கட்டளைக்குத்தான் 88(2)ல அப்பீல், 2006ம் ஆண்டு 54ம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அது மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போறது.

நீக்கினாப் பிறகு என்ன? வழக்கு முடியல்ல, நீங்க வராம விட்ட இடத்துல இருந்து தொடங்கும், செலவு கட்டச் சொல்லலாம், மறுமொழி போட ஒரு திகதி தருவாங்க. ரெண்டரை லட்சக் கதையும் வட்டிக் கதையும் அங்கதான் வேலை செய்யும். தனி ஆள் குடுத்த கடனுக்கு முதலைவிடக் கூடின தொகையை வட்டியா அறவிட ஏலாது எண்டு 1852ம் ஆண்டுச் சட்டத்துல இருந்து வாற விதி, 4 லட்சத்துக்கு வட்டி 4 லட்சத்துக்கு மேல ஏறாது, வழக்குப் போட்ட பிறகு ஓடுற வட்டி வேற கணக்கு. 9,60,000 எப்படி வந்தது எண்டு முறைப்பாட்டை வாசிச்சாத்தான் தெரியும். 1918ம் ஆண்டுக் கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டப்படி நோட்டுல உண்மையாக் கடன் எடுத்த முதல், முன்கூட்டிப் பிடிச்ச வட்டி, வட்டி வீதம் மூண்டும் தனித்தனியா எழுதியிருக்கணும். முதல் மாச வட்டி 12,000ஐப் பிடிச்சுக்கொண்டு 3,88,000 தந்தாரா, நோட்டுல அது எழுதியிருக்கா எண்டு யோசிச்சுப் பாருங்க. வெறும் நோட்டுல கையெழுத்து வாங்கிப் பிறகு நிரப்பின கதை எண்டா அதையும் சட்டத்தரணிட்டச் சொல்லுங்க. காலாவதி வாதம் உங்களுக்குக் கிடைக்காது, எழுத்துல உள்ள கடனுக்கு 6 வருசம், அவர் அதுக்குள்ள போட்டிருக்காரு.

ஆனா தம்பி, கடன் எடுத்தது உண்மை, மிச்சம் இருக்கிறதும் உண்மை எண்டு நீங்களே எழுதியிருக்கீங்க. மனு, விசாரணை, பிறகு முழு வழக்கு, அதுக்கிடையில டோகாவுக்கும் மட்டக்களப்புக்கும் டிக்கெட், எல்லாம் கூட்டிப் பார்த்தா எவ்வளவு போகும் எண்டு ஒரு கடதாசியில எழுதிப் பாருங்க. நான் உங்கட சட்டத்தரணியா இருந்தா மனுவை 17க்குள்ள போட்டுட்டு, அடுத்த தவணைக்கு முதல் அவர்ட சட்டத்தரணியோட ஒருக்காப் பேசுவன், முதல்ல மிச்சம் ஒண்டரை லட்சமும் நியாயமான வட்டியும் எண்டு ஒரு தொகைக்கு வருவாரா எண்டு. தீர்ப்பு கையில இருக்கிற மட்டும் அவர் இறங்கி வர மாட்டாரு, மனு நிலுவையில இருக்கைக்குள்ளதான் அவருக்கும் பயம் இருக்கும். சம்மதம் வந்தா வாய்ப்பேச்சுல விடாம கோர்ட்டுலயே சமாதானத் தீர்ப்பா எழுதி, தவணைப் பணம் எந்த பாங்க் கணக்குக்குப் போறது எண்டதையும் அதுலயே போடுங்க, கையில குடுத்த ரெண்டரை லட்சத்துக்கு உங்கள்ட்ட ரசீது இருக்கா இல்லையா எண்டு நீங்க எழுதவே இல்லையே.